ஊமைச்சி பதில் போடாத காலை

ஆப்பு என்றால் விளம்பரம் என்று நூரிஸ் அல்தமார் சொல்வது அன்று காலையிலேயே நான்காவது தடவை. நீதிபதி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தான் எழுதியதை மறுபடியும் படித்துப் பார்த்தார்.

"அப்போ, 'கிழவனை மிதிக்காம இறக்கிட்டு, ரெண்டு ஆப்பு வச்சு, என்னையக் குழியில தள்ளாம கூட்டிட்டு வாடி ஊமைச்சி'ன்னு கேசட்டுல அறிவிப்பாளர் சொல்றது மிரட்டல் இல்ல."

"இல்லீங்க டாக்டர். கிழவன்னா பாடுறவரு. பாடுறவரு குரல் மேல அறிவிப்பாளர் குரல் ஏறுச்சுன்னா அது மிதி. பாட்டை மெதுவா இறக்கிட்டு, ரெண்டு விளம்பரம் போடு, நடுவுல சத்தம் அறுந்து போகாமப் பாத்துக்கோன்னு சொல்றாரு. ரேடியோ சத்தமில்லாம நின்னுச்சுன்னா அதுக்குப் பேரு குழி."

"ஊமைச்சி?"

"அது நாந்தாங்க."

கம்பெனி வக்கீல் இகுவாரான் கூரையைப் பார்த்து மூச்சு விட்டார். நீதிபதி புலீதோ மலை நாட்டு அம்மாள், துன்ஹாவிலிருந்து பாரங்கீயாவுக்கு மாற்றலாகி ஏழு மாதம்தான் ஆகிறது. நீதிபதியை 'டாக்டர்' என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். இந்த ஊர்ப் பேச்சும் புரியாது, இந்த ஊர் வெயிலும் ஒத்துக்கொள்ளாது. கோர்ட்டில் ஏசியைக் கறிக்கடை ஐஸ்பெட்டி மாதிரி வைத்திருந்தார். நூரிஸ் வாசலில் வியர்த்து வந்தவள் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

ஒரு வேடிக்கையை விளக்கிச் சொல்வதைப் போல அலுப்பான வேலை வேறு கிடையாது. அதைத்தான் மூன்று வாய்தாவாக அவள் செய்துகொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வயதில் ஒரு மனுஷிக்கு இது தேவையா என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். தேவைதான். ரேடியோ தமாரிந்தோவில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, இருபத்தாறு வருடம் பாட்டும் விளம்பரமும் சத்தங்களும் போட்டவள் அவள். பழைய முதலாளி அவள் பெயரை எந்தக் காகிதத்திலும் ஏற்றவில்லை. அந்தப் புண்ணியவான் போய்ச் சேர்ந்த பிறகு ஸ்டேஷனை வாங்கிய கம்பெனி, அப்படி ஒரு பொம்பளையே இங்கே வேலை பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டது. பார்த்தாள் என்று கோர்ட் ஒத்துக்கொண்டால் பென்ஷன். இல்லையென்றால் சாகிறவரைக்கும் அடுத்த வீட்டுச் சட்டைகளுக்கு இஸ்திரி. வழக்கு இவ்வளவுதான்.

கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள். மீதிப் பேர் புதுக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள், அவர்கள் எங்கே வாயைத் திறக்கப்போகிறார்கள். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி நாற்பத்தொரு கேசட். காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை வந்த 'கொட்டித் தீருங்க' நிகழ்ச்சி. ஊர் முழுக்க போன் போட்டு வீட்டுக் குறை, தெருக் குறை, புருஷன் குறை எல்லாவற்றையும் கொட்டும். அறிவிப்பாளர் அடல்பெர்த்தோ சாரிஸ் கேட்டு, நக்கலும் ஆறுதலுமாகப் பதில் சொல்வார். நடுவே 'ஊமைச்சி என்ன சொல்றா?' என்பார். நூரிஸ் மைக்கில் வாய் திறந்ததே கிடையாது. பழைய நாடகத்திலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ ஒரு துண்டை எடுத்துப் போடுவாள். அதுதான் ஊமைச்சியின் பதில். அதற்காகவே ஊர் ரேடியோவைத் திறந்து வைத்திருந்தது.

"ஊமைச்சிங்கிறது ஒரு கற்பனைப் பாத்திரம், டாக்டர்" என்று இகுவாரான் முதல் வாய்தாவிலேயே சொல்லிவிட்டார். "கார்னிவல்ல மாட்டுத் தலைய மாட்டிக்கிட்டு ஆடுறோம். அதுக்காக மாடு வந்து பென்ஷன் கேக்குமா?"

அந்த மலைக்கார நீதிபதியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். நூரிஸின் வக்கீல் வில்மானும் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான். நல்ல பையன், காசு வாங்காமல் வாதாடுகிறான், அதனால் அவனை ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகவே ஒவ்வொரு துண்டையும் யோசித்து எடுத்தது ஒரு மனுஷிதான் என்று நூரிஸ் நிரூபிக்க வேண்டியிருந்தது. கேசட் ஓடும். நிற்கும். நீதிபதி கேட்பார்.

"இந்தப் பெண் பதினோரு நாளா குழாயில தண்ணி இல்லன்னு அழறாங்க. உடனே 'நுரை நுரை நுரை'ன்னு ஒரு பாட்டு வருது. ஏன்?"

"அது எஸ்புமீத்தா சோப்பு விளம்பரம், டாக்டர். எழுபத்திரண்டுல டிவில நேரடியா காட்டுனாங்க. விளம்பரத்துல நடிச்ச பொண்ணு குழாயைத் திறக்குது, தண்ணி வரல. அது அசரவே இல்ல. வெறுங்கையத் தேச்சுக்கிட்டே நுரை நுரைன்னு பாடி முடிச்சுது. இந்த ஊர்ல அம்பது வயசுக்கு மேல உள்ளவங்க எல்லாருக்கும் தெரியும்."

"இங்க சிரிக்கணும்."

"அப்ப சிரிச்சாங்க."

அடுத்தது. மூன்று நாள் காணாமல் போன புருஷன் சட்டையில் உதட்டுச்சாயத்தோடு வந்து நிற்கிறான் என்று ஒருத்தி. ஊமைச்சியின் பதில், ஒரு குத்துச்சண்டை வர்ணனை: "எந்திரிச்சிட்டான், எந்திரிச்சிட்டான்... மன்னிக்கணும், எந்திரிச்சது நடுவர்."

"அந்தச் சண்டைல நம்ம ஊர்க்காரன் மூணாவது ரவுண்டுல விழுந்தான். வர்ணனை சொன்னவருக்குக் கண்ணு சரியில்ல. அவனைத் தூக்கப்போய் வழுக்கி விழுந்த நடுவர் எந்திரிச்சதப் பாத்து, நம்ம ஆளுன்னு நெனச்சுக் கத்திட்டாரு. அதுக்கப்புறம், போன ஆளு ஒழுங்காத் திரும்பி வரலன்னா, எந்திரிச்சது நடுவர்னு சொல்லுவாங்க."

நீதிபதி எழுதினார். அவர் எழுத எழுத நூரிஸுக்குத் தன்னுடைய வேடிக்கைகள் ஒவ்வொன்றாய்ச் செத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆனாலும் அந்த அம்மாளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. புரியாததைப் புரிந்ததுபோலத் தலையாட்டவில்லை.

பதினோரு மணிக்கு இகுவாரான் எழுந்தார். கையில் ஒரு அட்டவணை.

"டாக்டர், ஒரு விஷயத்தக் கவனிங்க. தொண்ணூறு வரைக்கும் இந்த ஊமைச்சி சத்தம் எப்பவாவது வருது. தொண்ணூத்தொண்ணுக்கு அப்புறம் ஒவ்வொரு நேயர் பேசி முடிச்ச உடனேயும் வருது. ஒண்ணு தப்பாம. நாலு செகண்டு, அஞ்சு செகண்டு. அது முடிஞ்சப்புறம்தான் சாரிஸ் வாயைத் திறக்கிறார். மனுஷ வேலை இவ்வளவு ஒழுங்கா இருக்குமா? தானா ஓடுற மெஷின் வாங்கி வச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

நீதிபதி நூரிஸைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க? தொண்ணூத்தொண்ணுல என்ன மாறிச்சு?"

என்ன மாறியது என்று நூரிஸுக்குத் தெரியும். அவளுக்கும், செத்துப்போன சாரிஸுக்கும், பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி பெத்சபேக்கும் மட்டும்தான் தெரியும்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கலாமா, டாக்டர்?" என்றாள் நூரிஸ்.

இருபது நிமிடம் இடைவேளை கொடுத்தார்கள்.

வராந்தாவில் பெத்சபே இரண்டு காகிதக் கோப்பையில் கறுப்புக் காபி வாங்கி வந்தாள். எழுபது வயது. நிமிர்ந்த முதுகு. கேசட்டுகளைக் கட்டிலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். போன வாய்தாவில் சாட்சியும் சொன்னாள். நூரிஸ் தினமும் வேலைக்கு வந்தாள் என்று என் புருஷன் சொல்வார் என்றாள். நீங்கள் என்றாவது ஸ்டேஷனுக்குள் போனீர்களா என்று இகுவாரான் கேட்டார். இல்லை. அதோடு அந்தச் சாட்சி முடிந்துபோனது.

"அடியே, நூரிசு. என் கையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்க."

"மறக்கலக்கா."

"அந்த ரவுண்டானால இவருக்குச் சிலை வச்சிருக்காங்க. காதுல கைய வச்சுக்கிட்டு. கீழ என்ன எழுதிருக்கு? 'ஊர் பேச, கேட்ட காது.' இவரு செவிடுன்னு தெரிஞ்சுதுன்னா இந்த ஊரு விடுமா? மறுநாளே அந்தக் காதுல ஒரு புனலச் சொருகி வச்சிருப்பானுங்க. அடுத்த கார்னிவல்ல இவரு வேஷம்தான் ஊர்வலம் பூரா. நான் உசிரோட இருந்து அதப் பாக்கணுமா?"

"உங்கள யாருக்கா பாக்கச் சொன்னா?"

"உனக்குப் பென்ஷன் கிடைக்கணும்னு எனக்கு இல்லையா? இருக்கு. ஆனா அவரு பேர வித்து வேணாம்."

நூரிஸ் காபியைக் குடித்தாள். கசந்தது. பெத்சபே சர்க்கரை போட மறந்திருந்தாள், அல்லது வேண்டுமென்றே போடவில்லை. அவளிடம் எதுவானாலும் இருக்கலாம். இந்த அக்கா தன் புருஷன் பெயரை இப்படிக் காப்பாற்றுகிறாளே தவிர, அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நூரிஸ் கேட்டதில்லை. அது ஏன் என்று அவள் யோசித்ததுண்டு. ஆனால் அடுத்தவர் வீட்டு விஷயம், கேட்டதில்லை.

உள்ளே போனதும் இகுவாரான் ஒரு கேசட்டைத் தூக்கிக் காட்டினார். அதன் மேல் எழுதியிருந்த தேதியை நூரிஸ் தூரத்திலிருந்தே படித்துவிட்டாள். தொண்ணூற்றைந்து, ஆகஸ்ட்.

"இதக் கொடுத்தது அவங்கதான். ஆனா இதப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லல. இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கேசட்டு. கேளுங்க, டாக்டர்."

கேசட் ஓடியது. முதலில் ஒரு ஆள், தேவாலயக் குலுக்கலில் தனக்கு ஃப்ரிட்ஜ் பரிசு விழுந்திருக்கிறது என்று குதித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஊமைச்சி ஒரு துண்டைப் போட்டாள், சாரிஸும் இரண்டு வார்த்தை சொன்னார். அடுத்து ஒரு வயசான குரல். மெதுவாக, வரிக்கு வரி நின்று பேசியது.

"சார், நான் பார்ரியோ அபாஹோலேர்ந்து பேசுறேன். நேத்து சாயந்தரம் என் வீட்டுக்காரியப் பொதைச்சிட்டு வந்தேன். ஐம்பத்தொரு வருஷம். இன்னிக்குக் காலைல எந்திரிச்சு ரெண்டு காபி போட்டுட்டேன். அவளுக்கு ஒரு பாட்டு போடுங்க, சார். வேற ஒண்ணும் இல்ல."

பிறகு அமைதி. பிறகு சாரிஸின் கணீர்க் குரல், சிரித்துக்கொண்டே:

"வாழ்த்துகள், பெரியவரே. இத்தனை நாள் காத்திருந்ததுக்குக் கிடைச்சிருக்கு. நல்லா அனுபவிங்க."

கோர்ட்டில் இரண்டு மூன்று பேர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். குமாஸ்தா ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் சிரிக்கிறாங்க?" என்று நீதிபதி கேட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

வில்மான் தரையைப் பார்த்தான். இகுவாரான் விளக்கினார். அன்றிலிருந்து ஊரில் இது ஒரு வழக்குச் சொல். யாருக்காவது ஏதாவது தொலைந்துபோனால், வேலை போனால், சாவு வீட்டு வாசலில்கூட, 'நல்லா அனுபவிங்க, பெரியவரே' என்பார்கள். சட்டையில் அச்சடித்து விற்றார்கள். சாரிஸை வாயாடி என்று பாதி ஊர் கொண்டாடியது, ஈவிரக்கமில்லாதவர் என்று பாதி ஊர் திட்டியது.

"நான் கேக்குறது ஒண்ணுதான், டாக்டர். கண்ணாடிக்குப் பின்னால மனசுள்ள ஒரு பொம்பளை உக்காந்திருந்தா இத விட்டிருப்பாளா? பட்டுன்னு ஒரு பாட்டப் போட்டு அமுக்கியிருக்க மாட்டாளா? அங்க யாரும் இல்ல. அதான் விஷயம்."

நீதிபதி கேசட்டைப் பின்னால் ஓட்டச் சொன்னார். மறுபடியும் கிழவர். மறுபடியும் இரண்டு காபி. மறுபடியும் அமைதி.

"நிறுத்துங்க." நீதிபதி நூரிஸ் பக்கம் திரும்பினார். "உங்க ஊர் வேடிக்கை எனக்குப் புரியறதில்லம்மா. ஆனா எண்ணத் தெரியும். எல்லா நேயருக்கும் அப்புறம் ஊமைச்சி வருவா. இவருக்கு மட்டும் வரல. மூணு செகண்டு வெறும் குழி. மெஷின்னா இவருக்கும் எதையாவது போட்டிருக்கும், இல்லையா? ஏன் போடல?"

நூரிஸ் பின்வரிசையைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது.

"பொண்டாட்டியப் பொதைச்சிட்டு வந்தவருக்கு என்னத்தப் போடுறது, டாக்டர்? என் கை போகல. அழுதுட்டிருந்தேன்."

"அப்போ நீங்க அங்க இருந்தீங்க."

"இருந்தேன்."

"இருந்துமா அவரை அப்படிச் சொல்ல விட்டீங்க?" இது இகுவாரான்.

நூரிஸ் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். களைப்பு என்றால் அப்படி ஒரு களைப்பு. பதினேழு வருடத்துக் களைப்பு. இனி இதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று அந்த நிமிடம் முடிவு செய்துவிட்டாள்.

"அவரு சொல்லல. நாந்தான் சொன்னேன்" என்றாள். "அடல்பெர்த்தோவுக்குக் காது கேக்காது, டாக்டர். தொண்ணூத்தொண்ணுலேர்ந்து சுத்தமா. போன்ல பேசுறவங்க பேசுறத நான் கேட்டு, ஒரு சிலேட்டுப் பலகைல சுருக்கமா எழுதி, கண்ணாடில தூக்கிக் காட்டுவேன். ஒரு விரல் தூக்குனா 'ம், சொல்லுங்க'ம்பாரு. கையை விரிச்சா சிரிப்பாரு. பலகையைப் படிக்க நாலு செகண்டு ஆகும். அந்த நாலு செகண்டும் குழி விழாம இருக்கத்தான் ஊமைச்சி. ஊரே சிரிச்சுது. நான் என்ன போட்டேன்னு அவருக்கு ஒரு நாளும் தெரியாது."

வில்மான் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"ரெண்டு பலகை வச்சிருந்தேன். ஒண்ணு கண்ணாடில இருக்கும்போது இன்னொண்ணுல எழுதுவேன். அன்னிக்கு மூணாவது நாளா ராத்திரியும் பகலும் நாந்தான். மாத்து ஆளு வரல. எனக்குக் கண்ணு கட்டுது. இந்தப் பெரியவரு பேசப் பேச எழுதிட்டேன். எழுதுனது என் மடியில கெடக்கு. அழுதுக்கிட்டே கைக்குக் கிடைச்சதத் தூக்கிக் காட்டிட்டேன். அது முந்துன ஆளோடது. 'குலுக்கல்ல ஃப்ரிட்ஜ் விழுந்திருக்கு. வருஷக்கணக்கா ஆசைப்பட்டாரு. ரொம்ப சந்தோஷம்.' அதப் படிச்சு, முந்துன ஆளுதான் இன்னும் லைன்ல இருக்காருன்னு நெனச்சுத்தான் அவரு வாழ்த்துனாரு. ஆம்பளை யாரு பேசுனாலும் அவருக்குப் 'பெரியவரே'தான்."

"அப்புறம்?" என்றார் நீதிபதி. மெல்ல.

"லைன் கட்டாயிடுச்சு. அவசரமா ஒரு ஆப்பப் போட்டுட்டு, சரியான பலகையத் தூக்கிக் காட்டினேன். படிச்சாரு. நிகழ்ச்சி முடிஞ்சதும் என் ரூமுக்கு வந்தாரு. 'உனக்கும் எனக்கும்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். நான் சொன்னதாவே இருக்கட்டும். வீட்டுல மட்டும் நானே சொல்லிக்கிறேன்' அப்பிடின்னாரு. மறுநாள் அந்தப் பெரியவரு வீட்டுக்குப் போய்க் கால்ல விழுந்தாரு. வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன்னுதான் அங்கயும் சொன்னாரு."

இகுவாரான் எழுந்து, இதெல்லாம் கதை, செத்தவர் வந்து மறுக்கப்போகிறாரா, காது கேட்காத ஒருவர் பதினைந்து வருடம் ரேடியோவில் நேயர்களோடு பேசினார் என்றால் பைத்தியக்காரன்கூட நம்ப மாட்டான் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் சொன்னதில் தப்பில்லை. வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் அவர்கள் பதினைந்து வருடம் ஓட்டினார்கள்.

நீதிபதி பெத்சபேயை மறுபடியும் கூப்பிட்டார்.

அவள் வந்து நிற்க நேரம் பிடித்தது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நூரிஸை அவள் பார்க்கவில்லை. கேசட் ஓடிய கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கணவருக்குக் காது கேட்காதா, அம்மா?"

இல்லை, நன்றாகக் கேட்கும் என்று பெத்சபே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிலையின் காது அப்படியே இருக்கும். நூரிஸ் இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பிப்போவாள். அதுவும் சரிதான் என்று நூரிஸ் நினைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபமாகக்கூட இல்லை.

"கேக்காது" என்றாள் பெத்சபே. "வலது காது முன்னாடியே போச்சு. தொண்ணூத்தொண்ணுல இடதும் போச்சு. காது டாக்டர் கொடுத்த சீட்டு எல்லாம் அலமாரில இருக்கு. கொண்டாந்து தரேன். இந்தப் பொண்ணுதான் எழுதிக் காட்டும். தினமும். இவ இல்லன்னா அவரு ஒரு நாள் ஓட்டியிருக்க முடியாது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"பலகை தெரியும். எல்லாம் தெரியும்." அவள் நிறுத்தினாள். "பலகை மாறுனது தெரியாது."

இகுவாரான் கேள்வி இல்லை என்றார். நீதிபதி நீண்ட நேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்து, எழுத்து மூலமான தீர்ப்பு வெள்ளிக்கிழமை வரும், ஆனால் தன் மனதில் சந்தேகம் இல்லை, நூரிஸ் அல்தமார் இருபத்தாறு வருடம் அங்கே வேலை பார்த்தாள் என்று இந்த நீதிமன்றம் ஏற்கிறது என்றார். வில்மான் நூரிஸின் தோளைப் பிடித்து உலுக்கினான். அவளுக்கு ஏதோ வேறு யாருக்கோ சொல்வதுபோல இருந்தது. ஜெயித்த அன்று ஆடிப் பாடுவேன் என்று நினைத்திருந்தாள். உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

வராந்தாவில் பெத்சபே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நூரிஸ் பக்கத்தில் உட்காரத் தயங்கி, எதிரே நின்றாள்.

"அக்கா, வீட்டுல சொல்லிக்கிறேன்னாரு. சொல்லிட்டாருன்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சேன். சத்தியமா."

"சொல்லலடி."

"ஏன்க்கா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? ஏன் அப்பிடிச் சொன்னீங்கன்னு கேட்டேன். நாக்குல வந்துச்சு, சொல்லிட்டேன்னாரு. பொண்டாட்டியப் பொதைச்சவனப் பாத்துச் சிரிக்கிற ஆளு, நாளைக்கு என்னையப் பொதைச்சிட்டும் சிரிப்பீங்கன்னு சொன்னேன். பதிலே பேசல. அன்னிலேர்ந்து அவரு முகத்தப் பாத்து நான் சாப்பாடு போட்டதில்ல. தட்ட வைப்பேன், உள்ள போயிடுவேன். பதிமூணு வருஷம். கடைசி வரைக்கும் தனியாத்தான் சாப்பிட்டாரு."

படியில் யாரோ மாங்காய்த் துண்டு விற்றுக்கொண்டு போனார்கள்.

"நீங்க என்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"என்னன்னு கேக்குறது? நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நம்புனேன். உன் கை தப்பாது. அவரு மனசுதான் தப்பாப் போச்சுன்னு நெனச்சேன்." பெத்சபே முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "நீதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த. அவரு முகத்தப் பாத்தது நீ ஒருத்திதான். சரியான பலகையக் காட்டுனதும் என்ன பண்ணுனாரு? மறைக்காமச் சொல்லு."

நூரிஸ் மறைக்கவில்லை.

"ரெண்டு தடவ படிச்சாரு. ஹெட்போனக் கழட்டி வச்சாரு. அதுல அவருக்கு ஒண்ணும் கேக்காது, சும்மாதான் மாட்டியிருப்பாரு. அப்புறம் ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதாரு. விளம்பரம் நாப்பது செகண்டு. நாப்பது செகண்டும் அழுதாரு. நான் கையத் தூக்குனதும் துடைச்சிக்கிட்டு மணி சொன்னாரு."

பெத்சபே கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். தேடியது கிடைக்கவில்லை, அல்லது எதையும் தேடவில்லை. மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதையும் அதே மாதிரி ஒரு பலகைல எழுதி எங்க வீட்டு வாசல்ல வச்சிருக்கக் கூடாதாடி?" என்றாள்.